‘வலி இல்லை’ என்கிற முதியவர்களின் வாயை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பராமரிப்பது?

பகல்பணி கேட்டது:

முதியோர் இல்லம் ஒன்றின் ஒரு தளத்துக்கு வாய்ப் பராமரிப்பு நடைமுறை எழுத வேண்டியிருக்கிறது. மொத்தம் 14 பேர், வயது 71 முதல் 93 வரை. ஒன்பது பேருக்குச் சொந்தப் பற்கள் ஓரளவாவது இருக்கின்றன. ஆறு பேர் பல்செட் போடுகிறார்கள்; அந்த ஆறு பேரில் இருவருக்குச் சொந்தப் பல்லும் உண்டு. ஒருவருக்குப் பல்லும் இல்லை, செட்டும் இல்லை. நான்கு பேருக்கு மறதி நோய். இருவருக்கு விழுங்கும்போது புரையேறும். ஒருவருக்கு மூக்குக் குழாய் வழியே உணவு.

இதுவரை இருந்த முறை, மாதம் ஒருமுறை ‘பல் வலி உண்டா’ என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுவது. எல்லாருக்கும் ‘இல்லை’ என்றே பதிவாகியிருக்கிறது. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் ஈறோரத்தில் பழுப்புக் குழிகள், முறிந்து நிற்கும் வேர்கள், செட்டுக்கு அடியில் செக்கச் சிவந்த அண்ணம்.

வலி என்று சொல்லாதவர்களில் யாரைப் பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று எப்படிப் பிரிப்பது? வாயைத் திறக்க மறுப்பவருக்கும் புரையேறுபவருக்கும் எப்படித் துலக்கிவிடுவது? செட்டுகளை எப்படிச் சுத்தம் செய்வது? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, எலும்புத் தேய்வுக்கு ஊசி என்று எடுப்பவர்களை அனுப்பும்போது பல் மருத்துவருக்கு என்னென்ன எழுதிக் கொடுக்க வேண்டும்? ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை’ என்ற அளவில் நின்றுவிடாமல் செய்முறையாகச் சொன்னால் பணியாளர்களிடம் அப்படியே கொடுத்துவிடலாம்.

வேர்முனை (முதியோர் பல் மருத்துவம்):

முதலில் ‘வலி உண்டா’ என்ற கேள்வியைப் படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். அந்தக் கேள்விதான் இத்தனை தேவைகளையும் மறைத்து வைத்திருக்கிறது.

வயதாக ஆக, பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறையின் சுவர் உட்பக்கமாகத் தடித்துக்கொண்டே வரும். எண்பது வயதில் அந்த அறை நூலிழை அளவுக்குச் சுருங்கியிருக்கும். இருபத்தைந்து வயதில் ராத்திரி தூங்கவிடாத அதே சொத்தை, இந்த வயதில் சத்தமே இல்லாமல் பல்லைச் சுற்றி அறுத்துவிடும். ஒருநாள் மெல்லும்போது பல் ஈறு மட்டத்தில் முறியும், அப்போதும் வலிக்காமல் இருக்கலாம். ‘வயசானா பல் போகத்தானே செய்யும்’ என்று அவர்களே நினைத்துக்கொண்டு சொல்லாமல் விடுவது இன்னொரு காரணம். மறதி நோய் இருப்பவருக்கு வலித்தாலும் அதைச் சொல்ல வார்த்தை வராது.

நீங்கள் பார்த்த ஈறோரப் பழுப்புக் குழிகள் வேர்ச்சொத்தை. ஈறு இறங்கியதும் வெளியே வரும் வேருக்கு எனாமல் உறை கிடையாது. வாயின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால்தான் எனாமல் கரையும், வேரோ 6.2 முதல் 6.7க்குள்ளேயே கரையத் தொடங்கிவிடும். அதாவது இளையவர்களின் பல்லுக்கு ஒன்றும் செய்யாத லேசான புளிப்பே வேருக்குப் போதும். இதோடு மருந்துகளால் எச்சிலும் வற்றிவிட்டால், ஓரிரு வருடத்துக்குள் ஒரு வரிசைப் பற்கள் முழுவதும் போவதுண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 23% பேருக்கு ஒரு பல்கூட இல்லை. மீதிப் பேரிடம் பல் இருக்கிறது. பல இல்லங்களின் நடைமுறைகள் இன்னும் ‘முதியவர் என்றால் பல்செட்’ என்ற எண்ணத்திலேயே எழுதப்பட்டவை. உங்கள் தளத்திலேயே ஒன்பது பேருக்குச் சொந்தப் பல் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

பார்க்கும் முறைக்கு வருகிறேன். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். தலையில் மாட்டும் விளக்கு வாங்குங்கள். டார்ச்சை ஒரு கையில் பிடித்தால் கன்னத்தை விலக்கக் கை இருக்காது. கையுறை, பஞ்சுத்துணி, வாய்க்கண்ணாடி ஆகியவை வேண்டும். செட்டைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பற்களின் மேல் படிந்திருப்பதைத் துணியால் துடைத்த பிறகு பாருங்கள், இல்லாவிட்டால் படிவுக்கு அடியில் இருக்கும் குழி தெரியாது. நாக்கை வெளியே நீட்டச் சொல்லி இரு ஓரங்களையும், நாக்கைத் தூக்கச் சொல்லி அடித்தளத்தையும் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். புற்றுநோய் வரும் இடங்களில் முக்கியமானவை அவை.

உதடு, நாக்கு, ஈறும் உள்தோலும், எச்சில், சொந்தப் பற்கள், செட், வாய்ச் சுத்தம், வலிக்கான அறிகுறி என எட்டுத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 (நலம்), 1 (மாற்றம் தெரிகிறது), 2 (நலமில்லை) என்று மதிப்பெண். முதியோர் இல்லங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட, செவிலியர்களே நிரப்பக்கூடிய படிவம் இது. சேரும்போது ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டிலோ நடத்தையிலோ மாற்றம் தெரிந்தால் உடனே. மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எட்டில் ஐந்து தலைப்புகளில் 1 வாங்கியவரைவிட, ஒரே தலைப்பில் 2 வாங்கியவருக்கு அவசரம் அதிகமாக இருக்கலாம். எங்கே 2 விழுந்தாலும் பல் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

வலியைப் பேச்சில் தேடாமல் நடத்தையில் தேடுங்கள்: ஒரு பக்கமாகவே மெல்வது, மெல்லாமல் கன்னத்தில் அடக்கி வைப்பது, கெட்டியானதைத் துப்புவது, வழக்கமாகப் போடும் செட்டை வேண்டாமென்பது, முகத்தைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவது, கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பது. எடை குறைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை: முகவீக்கத்தோடு காய்ச்சல், நாக்கின் அடியிலோ கழுத்திலோ வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம். இவை அன்றைக்கே மருத்துவமனை. இரண்டு வாரத்தில் ஆறாத புண், சிவப்பு அல்லது வெள்ளைத் திட்டு எதுவானாலும் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். செட் உரசியதால் வந்த புண் என்று தோன்றினாலும், செட்டைக் கழற்றி வைத்த பிறகு இரண்டு வாரத்தில் ஆறியதா என்று தேதி போட்டுப் பாருங்கள்.

இரவுச்செவிலி:

துலக்குவதைப் பற்றி நான் சொல்கிறேன். இதில் பணியாளர்கள் செய்யும் பெரிய தப்பு, பின்னால் நின்றோ மேலிருந்து குனிந்தோ பிரஷை வாய்க்குள் கொண்டுபோவது. மறதி நோய் இருப்பவருக்கு அது தாக்க வருவது மாதிரிதான் இருக்கும். எதிரில், அவர் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே உட்காருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து, பிரஷைக் காட்டி, பிறகு ஆரம்பியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம்தான். ‘இப்ப பல்லு தேய்க்கலாம்.’ அவ்வளவு போதும்.

முதலில் அவர் கையிலேயே பிரஷைக் கொடுத்துப் பாருங்கள். கையில் வைத்ததும் பழக்கத்தில் தானாகவே தேய்க்கத் தொடங்குபவர்கள் நிறைய. தொடங்கி நின்றுவிட்டால், அவர் கைமேல் உங்கள் கையை வைத்து நகர்த்துங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரு பிரஷை அவர் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொன்றால் நீங்கள் தேய்க்கலாம். கை ஏதோ ஒன்றைப் பிடித்திருக்கும்போது தட்டிவிடுவது குறையும். மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம், அரை மணி கழித்து வேறு ஆளை அனுப்புங்கள். ஒருவருக்கு எந்த நேரம் இதமாக இருக்கிறதோ அதுவே அவருக்கு நேரம். காலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஒரே மூச்சில் என்று அட்டவணை போட்டால் பாதிப்பேர் மறுக்கத்தான் செய்வார்கள். ஆனால் ராத்திரித் துலக்கலைக் காலையை விடவும் கண்டிப்பாக வையுங்கள், தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும்.

உதட்டை இறுக்கி மூடிக்கொள்பவருக்கு வாய் மூலையிலிருந்து சுட்டுவிரலைக் கன்னத்தின் உட்புறமாக, பல்லுக்கு வெளியே, மெதுவாகச் செலுத்திக் கன்னத்தை விலக்குங்கள். பற்களின் வெளிப்புறத்தை முழுதாக இப்படியே தேய்த்துவிடலாம். பற்களுக்கு நடுவே விரலை ஒருபோதும் வைக்கக் கூடாது. இரண்டு பிரஷ் முறையும் உதவும்: ஒரு பிளாஸ்டிக் பிரஷின் கழுத்தை வெந்நீரில் காட்டிப் பின்பக்கமாக வளைத்து, அதைக் கன்னம் விலக்கப் பயன்படுத்தி, இன்னொன்றால் தேய்ப்பது.

பிரஷ் சிறிய தலையும் மென்மையான இழையுமாக இருக்கட்டும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக. படிவு தங்குவது அந்தக் கோட்டில்தான், வேர்ச்சொத்தை வருவதும் அங்கேயேதான். கைமூட்டு வலியால் பிரஷைப் பிடிக்க முடியாதவருக்குக் கைப்பிடியில் நுரைக்குழாயோ சைக்கிள் கைப்பிடி உறையோ மாட்டிக் கொடுங்கள். தானே தேய்த்துக்கொள்ளும் ஒருவரிடமிருந்து அந்த வேலையை அவசரப்பட்டுப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அவர் தேய்த்து முடித்த பிறகு விட்ட இடத்தை மட்டும் நீங்கள் தேயுங்கள்.

புரையேறுபவருக்கு வேறு கணக்கு. முடிந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்துங்கள். உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்துக்கு அடியில் துண்டு விரியுங்கள். மல்லாந்த நிலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது. நுரை வராத பேஸ்ட், அதாவது சோடியம் லாரில் சல்பேட் இல்லாதது, இழைகளின் மேல் மெல்லப் பூசிய அளவு. பிரஷை நனைத்து நன்றாக உதறிவிடுங்கள். இரண்டு மூன்று பல் தேய்த்ததும் ஈரத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உறிஞ்சு கருவி இருந்தால் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். கொப்பளிக்க வைக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் கன்னக் குழியில் அடங்கியிருக்கும் பருக்கையை வெளியே எடுப்பதும் இதில் சேர்த்தி.

குழாய் வழியே உணவு போகிறவருக்கு ‘வாயில் எதுவும் போவதில்லையே’ என்று விட்டுவிடுவார்கள். அவர் வாயில்தான் காரை சீக்கிரம் ஏறும், ஏனென்றால் மெல்லும் அசைவு இல்லை, எச்சில் ஓட்டமும் குறைவு. ஒரு நாளைக்கு இரண்டு முறை துலக்கல், இடையிடையே வாயை ஈரப்படுத்தல் அவருக்கும் உண்டு.

இது பல்லோடு நிற்கிற விஷயம் இல்லை. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்கள் துலக்கிவிட்டவர்களில் 11% பேருக்கு நிமோனியா வந்தது, அப்படிச் செய்யாதவர்களில் 19% பேருக்கு. புரையேறிப் போகும் எச்சிலில் என்ன கிருமி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

பகல்பணி:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். இங்கே துலக்க முடியாதவர்களுக்குக் குச்சியில் நுரைப்பஞ்சு வைத்த துடைப்பானும், எலுமிச்சை கிளிசரின் தடவிய துடைப்பானும் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதோடு எல்லாருக்கும் தினமும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு. இவற்றைத் தொடரலாமா?

இரவுச்செவிலி:

எலுமிச்சை கிளிசரினை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். புளிப்பு வேரைக் கரைக்கும், கிளிசரின் வாயை மேலும் உலர்த்தும். நுரைப்பஞ்சு வாயை ஈரமாக்க ஆகும், படிவை எடுக்காது. கடித்தால் பஞ்சு குச்சியிலிருந்து கழன்று தொண்டைக்குப் போகும் ஆபத்தும் உண்டு. அதற்குப் பதில் குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் வாங்குங்கள்.

வேர்முனை:

குளோர்ஹெக்சிடின் எல்லாருக்கும் தினமும் தேவையில்லை. ஈறு அறுவைக்குப் பிறகு, துலக்கவே முடியாத சில வாரங்களுக்கு, இப்படிக் குறிப்பிட்ட காரணத்தோடு குறிப்பிட்ட காலம் மட்டும். தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லும் நாக்கும் பழுப்பாகும், ருசி மாறும். ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாதவருக்கு ருசியும் போனால் இன்னும் குறைத்துக்கொள்வார். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொடுங்கள். பேஸ்ட்டில் இருக்கும் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். வாய்ப்பூஞ்சைக்கு நிஸ்டாடின் சொட்டு விடுபவருக்கு இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுக்கக் கூடாது, ஒன்றையொன்று செயலிழக்க வைக்கும்.

அந்தப் பணத்தை ஃபுளோரைடில் போடுங்கள். எல்லாருக்கும் 1350 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு ஃபுளோரைடு) வரை உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு (புரையேறுபவருக்கு மெல்லப் பூசிய அளவே), துலக்கிவிட்டுத் துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். வேர்ச்சொத்தை இருப்பவருக்குப் பல் மருத்துவர் சீட்டில் 5000 பிபிஎம் பேஸ்ட் எழுதலாம். துப்பத் தெரியாதவருக்கு அது வேண்டாம். அவருக்கு 22,600 பிபிஎம் ஃபுளோரைடு வார்னிஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவக் குழு பூசலாம். சில துளி வேலைதான், பூசியதும் பல்லில் ஒட்டிக்கொள்ளும்.

அச்சுவார்ப்பு (பல்செட் தொழில்நுட்பர்):

செட் பற்றி. கழுவும் தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பியோ மடித்த துண்டை விரித்தோ அதன் மேலே பிடித்துக் கழுவுங்கள். கீழ்த்தாடைச் செட் கை நழுவி விழுந்தால் நடுவில்தான் முறியும். முறிந்ததை வீட்டுப் பசையால் ஒட்டினால் இரண்டு துண்டும் சரியாகப் பொருந்தாமல் போய், பிறகு எங்களாலும் ஒட்ட முடியாது. துண்டுகளை அப்படியே கொண்டுவாருங்கள்.

பற்பசை வேண்டாம். அதிலுள்ள உராய்வுப் பொடி செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் கீறும், அந்தக் கீறலில் பூஞ்சை குடியேறும். சாதாரணத் திரவ சோப்பும் செட்டுக்கென்று தனிப் பிரஷும் போதும். உள்பக்கம், அதாவது அண்ணத்தில் ஒட்டும் பக்கம், வெளிப்பக்கத்தைவிட முக்கியம். கொதிநீர் கூடவே கூடாது, செட் நெளிந்துவிடும். அண்ணம் சிவந்திருப்பவரின் செட்டை, 5% வெளுப்பானாக (சோடியம் ஹைப்போகுளோரைட்) இருந்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அதிகபட்சம் 10 நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். உலோகச் சட்டமோ கொக்கியோ இருந்தால் வெளுப்பானில் கறுத்து அரித்துவிடும், அதற்கு 0.2% குளோர்ஹெக்சிடினில் 15 நிமிடம். செட் சுத்தம் செய்ய விற்கும், நுரைத்துக் கரையும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். மறதி நோய் இருப்பவர் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் தொண்டை வெந்துவிடும்.

ராத்திரி கழற்ற வேண்டும். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. கழற்றிய செட் தண்ணீரில் இருக்கட்டும், மூடியுள்ள டப்பாவில், பெயரோடு. துணியிலோ காகிதத்திலோ சுற்றி வைத்த செட் குப்பையோடு போய்விடும். இல்லங்களில் செட் தொலைவது பெரும்பாலும் இப்படித்தான், இல்லையென்றால் படுக்கை விரிப்போடு சலவைக்குப் போய்.

ஆகவே செட்டிலேயே பெயர் எழுதிவிடுங்கள். நாக்குப் பக்கமோ கன்னப் பக்கமோ வெளிப்பரப்பில் பின்புறமாக ஒரு சிறிய இடத்தை நுண் உப்புத்தாளால் மங்கலாக்கி, பென்சிலால் எழுதி, அதன்மேல் தெளிவான அக்ரிலிக் பூச்சை இரண்டு முறை பூச வேண்டும். அண்ணத்தில் ஒட்டும் உள்பக்கத்தைத் தேய்க்கக் கூடாது. புதிதாகச் செய்யும்போது பெயரை உள்ளேயே பதித்துத் தரச் சொல்லலாம்.

செட் ஆடுகிறது என்றால் முதல் யோசனை பசையாக இருக்கக் கூடாது. பல் எடுத்த பிறகு எலும்பு கரைவது நிற்காது. முதல் வருடத்தில் மிக வேகம், பிறகும் மெல்ல மெல்ல. கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு குறையும். பற்கள் தேயாமல் இருந்தால் உள்பக்கம் மட்டும் புது அக்ரிலிக் இட்டு இழைத்துத் தந்துவிடலாம். பசை தேவைப்பட்டால் காய்ந்த செட்டில் பட்டாணியைவிடச் சிறிதாக மூன்று நான்கு புள்ளி, துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். துத்தநாகப் பசையை நாள்பட அள்ளிப் பூசியவர்களுக்கு உடம்பில் செம்பு குறைந்து நரம்புப் பாதிப்பு வந்ததுண்டு.

மறதி நோய் இருப்பவருக்குப் புதுச் செட் என்றால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். கீழ்ச் செட்டைப் பிடித்து நிறுத்துவது நாக்கும் கன்னத் தசையும்தான், அவை இருபது வருடமாகப் பழையதன் வடிவத்துக்குப் பழகியிருக்கும். புதிய வடிவத்தைக் கற்றுக்கொள்ள அவரால் முடியாது, கழற்றி வைத்துவிடுவார். பழையதை அச்சு எடுத்து, அதே வடிவத்தில் நகல் செய்து, உள்பக்கத்தை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். உரசும் இடத்தை வீட்டில் அரத்தால் தேய்க்க வேண்டாம். மருத்துவரிடம் போவதற்கு முந்தின நாள் செட்டைக் கொஞ்ச நேரமாவது போட்டிருந்தால்தான் உரசிய தடம் தெரியும்.

மருந்துப்பட்டி (மருந்தாளுநர்):

ஒன்று சேர்க்கிறேன். அண்ணச் சிவப்புக்குத் தரப்படும் மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்து வாய்க்களிம்பு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்தான அளவுக்குப் போகும். தோல்மேல் பூசுவதுபோல்தானே என்று நினைக்க வேண்டாம், வாயிலிருந்து உறிஞ்சப்படும். ஃபுளூகோனசோலும் அப்படியே. வார்ஃபரின் எடுப்பவருக்கு நிஸ்டாடின் கேளுங்கள். பல் வீக்கத்துக்கு எழுதப்படும் மெட்ரோனிடசோலும் வார்ஃபரினின் விளைவைக் கூட்டும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டிவரும்.

எச்சில் வற்றுவதற்குப் பெரும்பாலும் மருந்துப் பட்டியலே காரணம்: சிறுநீர் அடக்க முடியாமைக்கான ஆக்சிபியூடினின் வகை, மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், ஒவ்வாமை மாத்திரைகள், மார்ஃபின் வகை, சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகள். ஐந்தாறு ஒன்றாகச் சேரும்போது வாய் காய்ந்துவிடும். யாராவது மாத்திரையை வாயிலேயே ஒட்டிக்கொண்டு விழுங்க முடியாமல் தவித்தால் அது முதல் அடையாளம். மருத்துவரிடம் பட்டியலை மறுபரிசீலனை செய்யக் கேளுங்கள்; நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இருமல் மருந்து, மலச்சிக்கலுக்கான திரவம் போன்ற இனிப்பான மருந்துகளைத் துலக்கிய பிறகு கடைசியாகக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வரிசையை மாற்றுங்கள், மருந்து முதலில், துலக்கல் பிறகு. சத்துப் பானத்தை நாள் முழுக்கச் சிறிது சிறிதாக உறிஞ்சுவதும் வேரை ஊறவைப்பதுதான். குறித்த நேரத்தில் குடித்து முடித்து, வாயை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

வேர்முனை:

அனுப்பும் சீட்டைப் பற்றி. பல் மருத்துவர் சிகிச்சையைத் தள்ளிப்போட முக்கியக் காரணம் தகவல் இல்லாமைதான். ஒரே பக்கத்தில் இவை இருக்கட்டும்: எல்லா மருந்துகளும் அளவோடு, அவற்றை எப்போது கடைசியாக எடுத்தார், செயற்கை இதய வால்வு, பேஸ்மேக்கர், சர்க்கரை இருந்தால் கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு), எலும்பு மருந்து எது, எத்தனை வருடமாக, கடைசி ஊசித் தேதி, தலைக்கோ கழுத்துக்கோ கதிர்வீச்சு எடுத்தாரா, புரையேறுமா, முழுக்கச் சாய்த்துப் படுக்கவைக்கலாமா, சிகிச்சைக்குச் சம்மதம் தரும் நிலையில் இருக்கிறாரா, இல்லையென்றால் யார் பேசுவார், வாய்ப் படிவத்தின் நகல்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தி அனுப்பாதீர்கள். பல் எடுத்த இடத்தில் வரும் கசிவைத் துணி கடிக்கவைத்து 20–30 நிமிடம் அழுத்தியும், தையலிட்டும், ரத்தம் உறையவைக்கும் பஞ்சை உள்ளே வைத்தும் நிறுத்திவிடலாம். மருந்தை நிறுத்தியதால் வரும் பக்கவாதத்தை யாராலும் திருப்ப முடியாது. வார்ஃபரின் என்றால் 24 மணி நேரத்துக்குள், ஏற்றத்தாழ்வு இல்லாமல் நிலையாக இருப்பவருக்கு 72 மணி நேரத்துக்குள், எடுத்த ஐ.என்.ஆர். முடிவு வேண்டும். 4க்குக் கீழே இருந்தால் சாதாரணமாக ஓரிரு பல் எடுக்கலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் அப்படியே தொடரும். அபிக்சபான் போன்ற புதிய வகைகளில் பெரிய வேலை என்றால் காலை வேளை மாத்திரையை மட்டும் தள்ளச் சொல்வதுண்டு, அதை மருத்துவர் சொல்லட்டும். நேரம் காலையிலும், வார முற்பகுதியிலும் கேட்டு வாங்குங்கள். வெள்ளி மாலை பல் எடுத்து ராத்திரி கசிந்தால் பார்க்க ஆள் இருக்காது. வலிக்குப் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் வகை இவர்களுக்கு வேண்டாம்.

எலும்பு மருந்துகளில் கவலை, பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிவது. எலும்புத் தேய்வுக்கான அளவில் இது அரிது, புற்றுநோய்க்கான அளவில் அதிகம். ஆகவே ஊசி தொடங்கும் முன்பே பல் வேலையை முடிப்பது நல்லது. எலும்புத் தேய்வுக்கான டெனோசுமாப் ஊசியை ‘பல் எடுக்கணும்’ என்று மாதக்கணக்கில் தள்ளிவிடவும் கூடாது, முதுகெலும்பு முறிவுகள் வரும். செயற்கை வால்வு உள்ளவருக்குப் பல் எடுப்பதற்கு 30–60 நிமிடம் முன், இதயத்தில் தொற்று வராமலிருக்க அமாக்சிசிலின் 2 கிராம் வழக்கம், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து. மூட்டு மாற்றியவருக்கு அது வழக்கமாகத் தேவையில்லை.

சிகிச்சை என்றாலே இடுக்கி, மயக்கம், நீண்ட நேரம் என்று நினைத்துக் குடும்பத்தார் தயங்குவார்கள். கட்டிலருகிலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. 38% சில்வர் டயமைன் ஃபுளோரைடை உலரவைத்த சொத்தைமேல் தொட்டு வைத்தால் பல சொத்தைகள் அத்தோடு நின்றுவிடும். ஊசியும் இல்லை, துளைப்பானும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். சொத்தை நிரந்தரமாகக் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். உதட்டில் பட்ட கறை ஓரிரு வாரத்தில் போகும், துணியில் பட்டது போகாது. வெள்ளி ஒவ்வாமை உள்ளவருக்குக் கூடாது. கைக்கருவியால் மெத்தென்ற சொத்தையைச் சுரண்டிவிட்டு, ஃபுளோரைடு கசியும் கண்ணாடி அயனோமர் சிமென்ட்டால் அடைப்பதும் அப்படிப்பட்டதே.

‘எல்லாத்தையும் எடுத்துட்டு முழுச் செட் போட்டுடலாமே’ என்று யாராவது சொன்னால் எதிர்த்துப் பேசுங்கள். எண்பதுக்கு மேல் முதன்முதலாகக் கீழ்ச் செட்டுக்குப் பழகுவது மிகக் கடினம். மேலும் கீழும் பொருந்துகிற பத்து ஜோடிப் பற்கள் இருந்தாலே சமாளிக்கலாம், போன ஒவ்வொரு கடைவாய்ப் பல்லுக்கும் மாற்று வைக்க வேண்டியதில்லை. இரண்டே கோரைப்பல் மிஞ்சினாலும் அவை ஒரு கீழ்ச் செட்டை நிறுத்தும் தூண்கள்.

பகல்பணி:

இன்று படிவத்தோடு பார்க்க ஆரம்பித்தோம். 93 வயதுக்காரர், வார்ஃபரின் எடுப்பவர், அவருக்குக் கீழ் முன்பல் ஒன்று நாக்கால் தள்ளினாலே படுத்து எழுகிறது. பல் மருத்துவரிடம் நாளை மறுநாள்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை என்ன செய்வது? நூல் கட்டி எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்கிறார்.

வேர்முனை:

நூல் வேண்டாம். கசிவு ஒன்று, வேர் பாதியில் முறிவது இன்னொன்று. மேலும் கீழும் ஆடும் அளவுக்குத் தளர்ந்த பல்லைத் தூக்கத்தில் விழுங்கினால்கூடப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மூச்சுக்குழாயில் போனால்தான் சிக்கல். அதனால் அவருக்குப் புரையேறுமா என்பதை வைத்து முடிவெடுங்கள். புரையேறுபவர் என்றால் நாளை மறுநாள் வரை வேண்டாம், மருத்துவமனைப் பல் பிரிவுக்கு இன்றே அழைத்துப் போங்கள். இல்லையென்றால் மெத்தென்ற உணவு, அந்தப் பல்லைச் சுற்றித் துலக்காமல் ஈரத் துணியால் துடைப்பு, தலைமாட்டை உயர்த்திய படுக்கை. இன்றே ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். முடிவை வாங்கி வையுங்கள்; அளவு நிலையாக இல்லாதவர் என்றால் போவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்னும், எழுந்ததும் பல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள். தானாக விழுந்துவிட்டால் மடித்த துணியை அந்த இடத்தில் வைத்து 30 நிமிடம் அழுத்துங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகும் வடிந்தால் மருத்துவமனை. பல் காணவில்லை, வாயிலும் படுக்கையிலும் கிடைக்கவில்லை என்றால், இருமல் இல்லாவிட்டாலும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இரவுச்செவிலி:

இரவுப் பணிக்கு வருபவரிடம் இதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை: ‘கீழ் முன்பல் ஆடுகிறது, வார்ஃபரின், கடைசியாகப் பார்த்த நேரம்.’